தங்கைக்கு விழுந்த கைதட்டல்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். என் தங்கை லெட்டாவுக்கு அப்படித்தான் போட வரும். அம்மா போன பிறகு இந்த வீட்டுச் சமையலறை அவள் பொறுப்பு. கோப்பையை உங்கள் முன்னால் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாளே, அவள்தான். இவ்வளவு அமைதியானவரா ஒரு காலத்தில் மைக் பிடித்து ஊரைக் கலக்கினார் என்று கேட்டீர்கள். அந்த அமைதி அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல.

பதிவுக் கருவியை அணைத்துவிட்டதற்கு நன்றி. அது ஓடிக்கொண்டிருந்தால் என்னால் பேச முடியாது.

மேஜைமேல் இரண்டு கேசட்டுகளை வைத்திருக்கிறீர்கள். ஒன்று, உங்கள் ஹிப் ஹாப் கண்காட்சிக்குப் போன வருடம் நான் கொடுத்தது. இன்னொன்று, அன்றைக்குக் கூட்டத்தில் நின்ற யாரோ ஒருவர் தோளில் தூக்கி வந்த ரேடியோப் பெட்டியில் பிடித்தது. அவர் இறந்துபோய், மனைவி வீட்டை ஒழித்தபோது கிடைத்தது என்கிறீர்கள். ஒரே மேடை, ஒரே போட்டி, ஒரே வரிகள். கடைசியில் மட்டும் மாறுகிறது. என்னுடையதில் வெல்வெட் ஜெயிக்கிறான். அவருடையதில் லெட்டா ஜெயிக்கிறாள். எது சரி என்று கேட்கிறீர்கள்.

அவருடையதுதான் சரி.

எண்பத்தொன்றாம் வருடம் நான் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் பெயர் சொன்னால் தெரிகிற ஆள். டிஜே வெண்டல். இரண்டு இசைத்தட்டுகளை அருகருகே வைத்து, பாட்டின் நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கிற இடத்தை மாற்றி மாற்றி ஓடவிடுவேன். ஜனம் ஆடும். அது எந்தத் தட்டு என்று எதிராளிக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் எல்லோரையும் போல நானும் தட்டின் நடுவில் இருக்கும் தாளைக் குளியல் தொட்டியில் ஊறவைத்து உரித்துவிடுவேன். பெயரில்லாத அந்தத் தட்டுகளில் எது என்ன என்பது என்னைத் தவிர லெட்டாவுக்கு மட்டும்தான் தெரியும். எங்களோடு போட்டி போட்ட பக்கத்துப் பேட்டை சவுண்ட்வியூ பையன்கள் அவளிடம் நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தார்கள். மிரட்டியும் பார்த்தார்கள். "அது எங்க அண்ணன் சொத்து" என்பாள். ஒரு பெயர்கூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

தட்டுப் பெட்டிகளைத் தூக்குவது அவள் வேலை. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஐந்தாம் மாடியிலிருந்து இறக்குவாள், ஆட்ட விருந்து முடிந்ததும் ஏற்றுவாள். ஒரு நாள், என் தாளத்துக்கு வரி கட்டிச் சொல்ல மைக் பிடிப்பவன் வரவில்லை. கூட்டம் முனகியது. இவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள். அந்தக் கோடை முடிவதற்குள் ஜனம் அவளுக்காக வர ஆரம்பித்தது. விளம்பரத் தாளில் என் பெயர் மேலேதான் இருந்தது. எழுத்து மட்டும் சிறியதாகிக்கொண்டே வந்தது.

சவுண்ட்வியூ பக்கத்து ராஜா வெல்வெட். அம்மா அப்பா வைத்த பெயர் டெக்ஸ்டர். எந்த வெயிலிலும் ஒயின் நிற வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு வருவான். அவன் விருந்தில் எங்களைக் கேலி செய்வான். லெட்டா எங்கள் விருந்தில் பதில் சொல்வாள். அந்த நாளில் சண்டை கேசட்டில்தான் பயணம் செய்தது. ஒவ்வொரு விருந்தையும் நான் பதிவு செய்வேன். கூட்டத்தின் சத்தத்துக்கென்று தனியாக ஒரு மைக் வைப்பேன். பிரதிகள் வாடகைக் கார் ஓட்டுபவர்களிடம் போகும். திங்கட்கிழமைக்குள் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

மன்ஹாட்டனில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி. அதன் முதலாளி ப்ராங்க்ஸ் பக்கம் கால் வைக்கத் தயாரில்லை. இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதட்டும், ஜெயிப்பவரின் பாட்டை நான் போடுகிறேன், கேசட்டை அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பினார். லெட்டா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஒரு இசைத்தட்டில் தன் பெயர் அச்சாகி வர வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. "என் தட்டுல மட்டும் தாள உரிக்காதண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் போட்டி. நடத்தியவன் ஆஸி, எங்கள் தெருக்காரன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். நடுவர் கிடையாது. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கையை நீட்டி, இவருக்கு எவ்வளவு சத்தம் என்று கேட்பார்கள். ஜனத்தின் தொண்டைதான் தீர்ப்பு.

வெல்வெட் முதலில் இறங்கினான்.

"அண்ணன் பெட்டி தூக்குற பொண்ணு,
அவளுக்கெதுக்கு மைக்கு ஒண்ணு?"

நன்றாகத்தான் சிரித்தார்கள். லெட்டா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அவன் கோட்டின் கையில் தொங்கிய எதையோ விரலால் சுண்டிவிட்டாள்.

"வெல்வெட் கோட்டு பளபளக்குது,
விலைச்சீட்டு இன்னும் வெளிய தொங்குது.
நாளைக்குக் கடைல திருப்பணும் தம்பி,
நனையாமப் பாடு, வேர்வை ஒழுகுது.
பெட்டி தூக்குன தோளுதான் இது,
உன்னத் தூக்கி வெளிய போட எவ்ளோ நேரமாவுது?"

அரங்கமே அதிர்ந்துவிட்டது. வெல்வெட்டின் தலைக்கு மேல் கை போனபோது அவன் ஆட்கள் மட்டும் கத்தினார்கள். லெட்டாவின் தலைக்கு மேல் போனதும் "லெட்டா, லெட்டா" என்று ஆரம்பித்தது நிற்கவே இல்லை. ஆஸி கையை இறக்கிய பிறகும் நிற்கவில்லை. சவுண்ட்வியூ பெண்கள்கூடக் கத்தினார்கள். மேடையின் ஓரத்தில் தட்டுகளுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். ஜனத்தைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது ஆஸி என் முதுகில் தட்டினான்.

"மச்சான், இனிமே நீதான் அவளுக்குப் பெட்டி தூக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கும் பெட்டிகளை மாடிக்கு ஏற்றியது அவள்தான், எப்போதும் போல.

மறுநாள் ஞாயிறு. அம்மாவும் லெட்டாவும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். அவள் நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாள். கம்பெனிக்கு அனுப்பப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். என்னிடம் என்னுடைய ஒரு பழைய கேசட்டும் இருந்தது. முந்தின கோடையில் பூங்காவில் எனக்குக் கிடைத்த கைதட்டல். என் வாழ்நாளில் கிடைத்ததிலேயே பெரியது அது. ஹெட்போனில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒரு முறை கேட்டிருந்தால் போதும். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவளுடையது நீளம்.

அதன் பிறகு என் கைகள் செய்தது பெரிய வேலையொன்றும் இல்லை. ஒரு கருவியில் ஓடவிட்டு, இன்னொன்றில் நிறுத்தி நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஆஸி வெல்வெட்டின் பெயரைச் சொல்லி முடித்ததும், பூங்காவில் எனக்குக் கிடைத்த சத்தத்தை அங்கே வைத்தேன். லெட்டாவுக்கு வந்ததை, அவள் பெயர் ஆரம்பிக்கும் முன்பே வெட்டினேன். முடிவை ஆஸி அறிவிக்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். நீங்கள் கண்டுபிடிக்காத விஷயம் இது. அந்தக் கேசட்டில் வெல்வெட்டுக்கு விழும் கைதட்டல் வெல்வெட்டுடையது அல்ல, என்னுடையது. எதிரிக்குக் கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கம்பெனி வெல்வெட்டை எடுத்துக்கொண்டது. கேசட் கார்களில் ஏறி ஊர் சுற்றியது. லெட்டா ஒரு காரின் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணே, நான்தானே ஜெயிச்சேன்? டேப்புல வேற மாதிரி கேக்குது."

மேடையில் நிற்பவர்களுக்குத் தங்களுக்கு விழும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும், ஸ்பீக்கர் உன் காதருகில் இருந்தது என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவள்.

அன்று அரங்கில் இருந்தவர்கள் உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சிலர் சொன்னார்கள். ஆனால் அரங்கில் இருந்தவர்களைவிடக் கேசட்டைக் கேட்டவர்கள் அதிகம். புரூக்ளினில் கேட்டார்கள், ராணுவ முகாம்களில் கேட்டார்கள். கொஞ்ச காலத்தில் அரங்கில் இருந்தவர்களுக்கும் கேசட்தான் ஞாபகத்தில் நின்றது. ஆஸியே தலையைச் சொறிந்துகொண்டு, எனக்குத்தான் மறதி போலிருக்கிறது என்றான்.

வெல்வெட் மட்டும் மறக்கவில்லை. ஒரு நாள் முடிதிருத்தும் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வெண்டல், அன்னிக்கு அடி வாங்குனது நானு. அந்தக் கைதட்டல் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"உனக்கு நல்லதுதானே நடந்திருக்கு. அப்புறம் என்ன?"

என்னைக் கண்ணாடியில் பார்த்தான். கடைக்காரன் அவன் கழுத்தில் துணியைக் கட்டியதும் கண்ணை மூடிக்கொண்டான். அவனும் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய முதல் பாட்டு அதற்குள் எல்லா ரேடியோவிலும் ஓடிக்கொண்டிருந்தது.

"தோத்த பொண்ணு தெருவுல நிக்குது,
ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு சொல்லிச் சுத்துது."

கயிறு தாண்டி விளையாடும் குழந்தைகள் அதைப் பாடின. லெட்டா கடைக்குப் போனால் பாடின. பஸ்ஸில் பாடின. அவளுக்கு மேடை தருவாரில்லை. அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தப் போட்டியை முதலிலிருந்து செய்து காட்ட ஆரம்பித்தாள். வெல்வெட் வரியையும் அவளே சொல்வாள், பதிலையும் அவளே சொல்வாள். பிறகு தன் தலைக்கு மேல் தானே கையை நீட்டிக்கொண்டு, போகிறவர்களிடம் சத்தம் போடச் சொல்வாள். மழையிலும் செய்தாள். அம்மாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போனது.

மருத்துவமனையில் டாக்டர் ஹார்விட்ஸ் நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னை உட்காரவைத்து ஒரு எளிமையான கேள்வி கேட்டார்.

"மிஸ்டர் வெண்டல், ஒரு அரங்கமே தன் பேரச் சொல்லிக் கத்துச்சுன்னு சொல்றாங்க. அப்படி எதாவது நடந்துச்சா? நடந்திருந்தா நான் வேற மாதிரி யோசிக்கணும்."

வேறு மாதிரி யோசிக்கணும் என்றார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் மாற்றிய கேசட் என் கோட்டுப் பையில் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். டாக்டர் லெட்டாவையும் வரவழைத்தார். அவள் முன்னால் அதைப் போட்டோம். முழுவதையும் கேட்டாள். டேப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்.

"டேப்பு சொல்றது வேணாம்ணே. நீ அங்க நின்ன. நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

"நீ தோத்துட்டம்மா" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். லெட்டா எழுந்து, வந்த வழியே நர்ஸுடன் போனாள். அதன் பிறகு மருந்தும் சிகிச்சையும் நடந்தன. இரண்டு குளிர்காலம் கழித்து, ஒரு நாள் அவளாகவே டாக்டரிடம், நான் ஜெயிக்கவில்லை, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னாளாம். டாக்டர் எனக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னார். குணமாகிவிட்டாள், வந்து கூட்டிப் போகலாம் என்றார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

வெல்வெட் நல்லபடியாக வாழவில்லை. குடித்து ஈரல் கெட்டு, நாற்பது தாண்டுவதற்குள் போய்ச் சேர்ந்தான். அந்தப் பாதையில் போன எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்று உங்கள் கண்காட்சியிலேயே மாட்டியிருக்கிறீர்கள். லெட்டா இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள். சில சமயம் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எப்போதும் அது உதவுவதில்லை. தேவாலயத்தில் கை தட்டிப் பாட ஆரம்பித்தால் நான் வெளியே போய் நிற்கிறேன். நீங்கள் போன வருடம் எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள், வரலாற்றைக் காப்பாற்றியவர் என்று. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. முதல் வரிசையில் லெட்டாவும் எழுந்து தட்டினாள். அவள்தான் கடைசியில் நிறுத்தினாள். அன்றிலிருந்து அவளுக்கு நேராக உட்கார்ந்து என்னால் சாப்பிட முடிவதில்லை. தட்டை ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். கேட்டால், காற்றுக்காக என்பேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவள் பெயரைப் பறித்ததும் நான், பிறகு அவள் புத்தியைப் பறித்ததும் நான்.

என் அசல் பதிவு இப்போது இல்லை. லெட்டா வீட்டுக்கு வருவதற்கு முந்தின ஞாயிறு, அதன்மேல் அம்மாவுக்காகப் போதகரின் பிரசங்கத்தைப் பிடித்துவிட்டேன். ஆகவே அவளுக்கு விழுந்த கைதட்டல் உலகத்தில் எங்காவது இருக்கிறதென்றால், அது உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கேசட்டில் மட்டும்தான்.

அவளைக் கூப்பிட்டு இப்போதே போட்டுக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். நானும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்திருக்கிறேன். ஆனால் அந்நியர் வாயால் கேட்டால் அவள் தாங்கமாட்டாள். மறுபடியும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றால் யார் கூட்டி வருவது? நான் சொல்வதுதான் முறை.

இதற்குப் பிரதி எடுத்துவிட்டீர்களா? இன்னும் இல்லையா. எடுக்காததும் நல்லதுதான், பழைய நாடா, கண்ட கருவியில் ஓட்டினால் அறுந்துபோகும். இதை இன்று என்னிடம் விட்டுச் செல்லுங்கள். அவள் மனம் தெளிவாக இருக்கிற ஒரு நாளாகப் பார்த்து நானே போட்டுக் காட்டுகிறேன். அவளுக்கு எது நல்லது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?