செல்லக்கண்ணுவுக்கு வளகாப்பு

இல்ல சார், தெரியாமத்தான் கேக்கறேன், இப்பிடி ஒரு புக்க லைப்ரரியில வெச்சிருக்கீங்களே, மனுசி படிக்கற புக்கா இது? எளகுன மனசுக்காரங்க எடுக்காதீங்கன்னு மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டக் கூடாதா? கவர்மென்ட்டு குடுத்த டிவியில எவ செத்தாலும் முறுக்கு தின்னுக்கிட்டே பாக்கறவ இந்தக் கொளஞ்சியம்மா. என்னயவே அழ வெச்சிட்டுதே சார்!

ஞாயித்துக்கெழம கடைசி வரைக்கும் படிச்சேன். அந்தப் பொண்ணு செல்லக்கண்ணு... ஆத்து வெள்ளத்துல போயிடுதே! புருசன் தேடிக்கிட்டு வரான், கரையில ஒத்தச் செருப்பு கெடக்குது. அய்யோ சார்! அடுப்புல சோறு அடிபுடிச்சி, எங்க வூட்டுக்காரரு "யாரு செத்தா?"ன்னு ஓடியாராரு.

மறுநாளு பொம்மக் கம்பெனிக்குப் போனேன். பீங்கான் பொம்மைக்கு மூஞ்சி வரையறது நாந்தான். கொலுவுக்கு அம்பது செட்டியாரு. சிரிச்ச வாயி போடணும். கை கேக்கல சார். அம்பது செட்டியாரும் கடைய இழுத்து மூடுனவங்க மாதிரி நிக்கறாங்க! மொதலாளி என்னயத்தான ஏசறாரு, புக்க ஏசுவாரா?

இருங்க சார், டீ அப்பறம் குடிக்கலாம். இனிமேதான் விசயமே இருக்குது. கம்பெனில மத்தியானம் நான் சத்தமாப் படிப்பேன், மத்தவளுங்க பெயின்ட்டு அடிச்சிக்கிட்டே கேப்பாளுங்க. அன்னிக்கி செல்லக்கண்ணு வெள்ளத்துல போற பக்கம் வந்துட்டுது. அஞ்சு பேரும் பிரஷ்ஷ அப்பிடியே புடிச்சிக்கிட்டு என் வாயயே பாக்கறாளுங்க. ஆக்னஸு, "யக்கா, பொழச்சிக்குவா இல்ல?"ன்றா. என்னான்னு சொல்லுவேன்? "ஒரு மரக்கெளயப் புடிச்சிக்கிட்டாடி"ன்னு வாயில வந்துட்டுது.

அதோட விட்டனா? புக்கு முடிஞ்சி பத்து நாளாச்சி, நான் இன்னும் சும்மானாச்சிக்கும் பக்கத்தப் பொரட்டிக்கிட்டே இருக்கறேன்! கரையேத்துனேன். புருசனோட சேத்து வெச்சேன். இப்ப அவளுக்கு ஏழாம் மாசம். நாளைக்கு வளகாப்பு சார்! புளிசோறு, தயிர்சோறுன்னு அஞ்சு பேரும் அஞ்சு வகை ஆக்கியாராளுங்க. சுகப் பிரசவம் ஆவணும்னு ஆக்னஸு மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்திட்டு வந்துட்டா.

இப்ப என்னான்னா, தவண முடிஞ்சி இன்னிக்கி புக்கத் திருப்பிக் குடுக்க வந்துட்டேன். எங்ககூட வேல செய்யற காசியம்மா பொண்ணு இனியா, பத்தாவது படிக்கிது, சாயங்காலம் இந்த புக்க எடுக்க வருது. அது கடைசிப் பக்கத்தப் பாத்துட்டா... பொய் சொன்னேன்னு என்னய ஏசட்டும் சார், வாங்கிக்கறேன். அவளுங்களுக்கு செல்லக்கண்ணு செத்துருவாளே! அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும் சார். அது என்னோட போவட்டும்.

சார்... சார்! நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கறேன், புக்க எடுத்துக்கிட்டு எந்திரிச்சிப் போறீங்களே? அது உங்க பீரோ ஆச்சே... உள்ள வெச்சிப் பூட்டறீங்களா? அட, கண்ணு ஏன் சார் செவந்துருக்குது? நீங்களும் படிச்சிட்டீங்களா?

நல்லா இருப்பீங்க. நாளைக்கு மத்தியானம் கம்பெனிக்கு வந்துருங்க, ஒரு வாயி புளிசோறு சாப்புடலாம். கொழந்தைக்கு நீங்கதான் சார் பேரு வெக்கணும்.