விழத் தெரிந்தவன்

“ஆளைத் தூக்கி எறியிறது பெரிய வேலையில்ல. எறிபட்டவன் அடுத்த கிழமையும் சண்டைக்கு வரவேணும்.”

வெள்ளவத்தையில் பஸ் நிரம்பியிருந்தது. புடவைக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள் என் இருக்கையோடு சாய்ந்து நின்று, டிவி மல்யுத்தக்காரர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் மூத்தவர், நல்ல பருமன்.

“மொட்டையன்தான் முதலாவது, அக்கா. என்ன பலம்,” என்றாள் இளையவள்.

“பலம் இருக்கு, வேலை தெரியாது. போனமுறை கயித்து மேல இருந்து பாய்ஞ்சு ஒருத்தன்ட தோளை உடைச்சுப்போட்டான். முகமூடிக்காரனைப் பார். முழுப் பாரமும் மேல விழுற மாதிரித் தெரியும். கீழ கிடக்கிறவனுக்கு ஒரு கீறல் இல்ல.”

“அதெல்லாம் நடிப்பு எண்டு எங்கட அண்ணன் சொல்லுவார்.”

“அவரை ஒருக்கா அப்பிடி விழுந்து காட்டச் சொல்லு.”

பம்பலப்பிட்டியில் சாரதி சடாரென்று பிரேக் அடித்தார். அக்கா முழுப் பாரத்தோடு என் மடியில் வந்து விழுந்தார். எழுந்து சேலையைச் சரிசெய்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தோழியிடம் திரும்பினார்.

“பாத்தியா? இந்த ஐயாவுக்கு ஒண்டுமில்ல. இப்பிடித்தான் விழவேணும்.”

கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது என்னால் இடது காலை ஊன்ற முடியவில்லை.