இரும்பு ஏறாத அண்ணன்

கோல்மன்: இந்த ரத்தப் பை நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அட்ராக்டா: கூடிப்போன இரும்ப ரத்தத்தோட வெளிய எடுக்க இப்பதானே உங்க தம்பிக்கு ஊசியே போட்டேன் பெரியவரே. நர்சுக்குக் கால் மணி நேரமாவது குடுக்கக் கூடாதா? நீங்க ஏன் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?

கோல்மன்: சுவரு நல்லா இருக்கு.

ஃபெஸ்டி: என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலம்மா அண்ணனுக்கு. ஸ்பெயின் போய் வெயில்ல கிடந்துட்டு வந்தவன் மாதிரி ஆயிட்டேன்ல...

கோல்மன்: கால்வே ஊரத் தாண்டாத பய. எல்லாம் அந்த டானிக். களைப்பா இருக்கு களைப்பா இருக்குன்னு இரும்பு டானிக்கா வாங்கிக் குடிச்சான். இப்ப ஈரல் கெட்டுப்போச்சு.

அட்ராக்டா: டானிக் கொஞ்சம் கூட்டியிருக்கும். ஆனா வேர் அது இல்ல. சாப்பாட்டுல இருந்து இந்த அளவு இரும்பு போதும்னு தடுக்க உடம்புல ஒரு காவல் உண்டு. உங்க அம்மாகிட்டருந்து ஒரு மரபணுப் பழுது, அப்பாகிட்டருந்து ஒரு பழுது... ரெண்டும் சேர்ந்து காவல் தூங்கிடுச்சு.

கோல்மன்: செத்தவங்கள இழுக்காத.

ஃபெஸ்டி: அண்ணன் ரிசல்ட்டையும் சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார்.

அட்ராக்டா: உங்களுக்கும் அதே ரெண்டு பழுதும் இருக்கு பெரியவரே. ஆனா இரும்பு... என் உடம்புல எவ்வளவோ அவ்வளவுதான்.

கோல்மன்: ரத்தம் எடுத்த குழாய மாத்தியிருப்பீங்க. ஆஸ்பத்திரிக்காரங்கள எனக்குத் தெரியாதா? நோரின் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாளேன்னுதான் அன்னைக்குச் சோதனைக்கு ஒரு குழாய் ரத்தம் குடுத்தேன்.

ஃபெஸ்டி: என் மகளுக்காகக் கண்ண மூடிக்கிட்டுக் குடுத்தார்.

கோல்மன்: தூசி விழுந்துச்சுடா.

ஃபெஸ்டி: ஆச்சரியமா இல்லையா அண்ணே... ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே கட்டில்ல படுத்தோம். ஒரே பானையில வெந்த உருளைக்கிழங்கு. குடிச்சதும் ஒண்ணாத்தான். எனக்கு விரல மடக்க முடியல, நீ இன்னும் செம்மறியத் தோள்ல தூக்குற.

அட்ராக்டா: இந்த ரெண்டு பழுதும் இருக்கிறவங்கள்ல நிறையப் பேருக்குப் பெருசா ஒண்ணும் வராதாம், டாக்டர் சொன்னார். வேற சின்னச் சின்ன மரபணுக்கள் எங்கயோ உள்ள நின்னு தடுக்குதாம். எத்தனைன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியலயாம்.

கோல்மன்: தடுக்குதா... யார் சொல்லி?

அட்ராக்டா: யாரும் சொல்லல. நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே வந்து நின்னது.

கோல்மன்: ...இத்தனை வயசுக்கும் எனக்குத் தெரியாம, எனக்குள்ள ஒருத்தன் நின்னுக்கிட்டிருக்கானா...

அட்ராக்டா: நினைச்சா எனக்கே உடம்பு சிலிர்க்குது. ஆனா உங்க கதை அது இல்லயாம். நீங்கதான் சர்ச் மண்டபத்துல காலமெல்லாம் ரத்ததானம் பண்ணவராச்சே. இரும்பு அதோடயே வெளிய போயிடுச்சு. தம்பி எப்பவாவதுதான் குடுத்தார், அதனால தங்கிடுச்சு.

ஃபெஸ்டி: ம்... எப்பவாவதுதான்.

கோல்மன்: அப்ப நோரினுக்கு?

அட்ராக்டா: அவளுக்கும் ரெண்டு பழுதும் இருக்கு. அப்பா வழியில போவாளா, பெரியப்பா வழியில போவாளான்னு பாக்க உங்க ரத்தத்த ஆராயணும்னு டாக்டருக்கு ஆசை. நீங்க ரத்ததானம் பண்றவர்னு கேட்டதும் விட்டுட்டார். இதுல கத்துக்க ஒண்ணும் இல்லன்னுட்டார்.

கோல்மன்: ...அந்த மண்டபத்துல ரத்தம் குடுத்தவங்களுக்கு ஒரு பாட்டில் கறுப்பு பீர் குடுப்பாங்க. தெரியுமா உனக்கு?

அட்ராக்டா: எங்க அம்மா சொல்லியிருக்காங்க.

கோல்மன்: இலவசம். கட்டில் எல்லாம் திரைக்கு அந்தப் பக்கம். பீர் மேசை பின்வாசல் பக்கம்... நான் பின்வாசல் வழியா வருவேன்.

அட்ராக்டா: வந்து?

கோல்மன்: நானே கையில ஒரு பஞ்ச ஒட்டிக்கிட்டு மேசையில உக்காருவேன்.

அட்ராக்டா: அப்ப ரத்தம்...

கோல்மன்: அங்க ஒரு சொட்டு குடுத்ததில்ல. ஊசியப் பாத்தா எனக்குக் கண்ணு இருட்டும். போன ஈஸ்டருக்குப் பாதிரியார் பிரசங்கத்துல என் பேரச் சொல்லித் தியாகின்னார். நானும் அடக்கமாத் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

அட்ராக்டா: பெரியவரே... அப்படின்னா உங்க உடம்புலருந்து எதுவுமே வெளிய போகல.

கோல்மன்: கிடா முட்டினப்போ மூக்குல வந்துச்சு. அவ்வளவுதான்.

அட்ராக்டா: அப்ப நிஜமாவே உள்ள நின்னு தடுக்குது. இன்னமும் நிக்குது.

கோல்மன்: பாதிரியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். நோரினுக்கு ஆகும்னா எடுத்துக்கோ... இந்தா கை. பெரிய ஊசியா இருந்தா எங்கிட்டக் காட்டாத. டேய் ஃபெஸ்டி, ஏன்டா இப்படிச் சிரிச்சுக் குலுங்குற? ஊசி கழண்டுடப் போகுது.

ஃபெஸ்டி: ஆட்டப் பாக்க ஒருத்தர் வீட்டுல இருக்கணும்னு, மண்டபத்துக்கு நாம மாறி மாறித்தானே போனோம் அண்ணே... நானும் பின்வாசல்தான். அட்ராக்டா, அந்த 'எப்பவாவது'ங்கறதையும் அடிச்சிடும்மா. இந்தப் பையில விழுதே, பொறந்ததுலருந்து நான் குடுக்குற முதல் ரத்தம் இதுதான்.