அழுததைப் போடலாமா, லீலாவதி?

தலைமை ஏற்று அமர்ந்திருந்தும் இதுவரை கைக்கடிகாரத்தைப் பார்க்காத பெருந்தன்மை மிக்க கல்லூரி முதல்வர் ராஜதுரை ஐயா அவர்களே, வாலிகண்டபுரத்திலிருந்து வாழ்த்த வந்திருக்கும் பெரியோர்களே, சிறுவாச்சூரில் பஸ் ஏறி வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் ஊர்த் தாய்மார்களே, பெரம்பலூரின் பிள்ளைகளே, அரியலூரின் அன்பர்களே, மூன்றாம் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தன் பெண்சாதி லீலாவதி அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த வீராயியின் வணக்கம்.

என்னம்மா சிரிக்கிறீர்கள்? ஓரகத்திக்கு நான் வணக்கம் சொல்லக் கூடாதா? என் மூத்த மகன் கல்யாணப் பந்தியில், சாம்பாரில் உப்பில்லை என்று சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி சொன்னவள் அவள். அன்றைக்கு நிறுத்தின பேச்சு. மகனுக்கு மகள் பிறந்து அவளும் பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். நான் மறந்தேனா? எந்தப் பந்தி, எந்த வாளி, யார் கரண்டி, எல்லாம் என் கண்ணுக்குள் இருக்கிறது. உப்பு இருந்தது. இந்த மைக் அறியச் சொல்கிறேன், உப்பு இருந்தது.

இருக்கட்டும். படத்துக்கு வருகிறேன்.

இந்தக் கல்லூரியில் படிக்கும் புவனேஸ்வரி எங்கள் தெருப் பெண். காணாமல் போன ஆட்டை ஒரு கிழவி தேடுகிற கதையைப் படமாக எடுக்கப் போகிறேன், நீ நடி அம்மாயி என்றாள். நடித்தேன். ஏரிக்கரையில் நடந்தேன், எள்ளுக்காட்டில் நடந்தேன், முள்ளில் நடந்தேன், மூச்சு வாங்க நடந்தேன். பிறகு டிரெய்லர் பார்க்க வா என்று கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இளவரசன் உட்கார்ந்திருந்தான். அந்தப் பிள்ளைதான் எடிட்டர். வெட்டினான், வெட்டினதை ஒட்டினான், ஒட்டினதை மறுபடியும் வெட்டினான். நான் பாதி நாள் நடந்த ஏரிக்கரை, ஒரு கொட்டாவி விடும் நேரத்துக்குள் முடிந்துபோனது.

"ஏம்ப்பா, நான் நடந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் டிரெய்லர்லயே காட்டிட்டா படத்துக்கு யாரு அம்மாயி வருவா?" என்றான்.

அதுவும் நியாயம்தான். ஆனால் வெட்டி வெட்டி அவன் செய்ததைப் பார்த்த ஒருவருக்கும் நெஞ்சு அசையவில்லை. கடைசியில் ஏதோ குறைகிறது என்று புவனேஸ்வரி தலையில் கை வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் சுவரொட்டி அச்சானது.

அதை என்னவென்று சொல்வேன், சபையோரே! கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளைதான் கலை என்று என் முகத்தைத் தனியாக, பெரிதாகப் போட்டார்கள். அவசரத்தில் அச்சுக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் முன்பே இருந்த ஒரு வடிவத்தை எடுத்து, அதிலிருந்த குத்துவிளக்கை மட்டும் நீக்கிவிட்டு, கறுப்புக் கரையை அப்படியே விட்டார்கள். முகத்துக்குக் கீழே என் பெயர். பெயருக்குக் கீழே இந்த டிரெய்லர் வெளியீட்டு விழாவின் தேதி. அடியில், 'இவண்: நண்பர்கள்'. நீங்களே சொல்லுங்கள். கல்யாணம் என்றால் சுவரில் நாற்பது தலை சிரிக்கும். காதுகுத்து என்றால் தாய்மாமன் வண்டியோடு நிற்பார். கறுப்புக் கரைக்குள் ஒற்றைக் கிழவி நின்றால் நம் பக்கத்தில் அதற்கு என்ன பொருள்? ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன் பொடி எழுத்தையா படிப்பான்?

முதலில் வந்தவர் என் பங்காளி ராசாங்கம். ரோஜா மாலையோடு வந்தார். நான் வாசலில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். மாலைய வீணாக்காத, குடு" என்றேன். மாலையை ஆடு தின்றது.

சிரியுங்கள், சிரியுங்கள். அடுத்து வந்தவளைச் சொன்னால் சிரிப்பு நிற்கும்.

லீலாவதி அன்றைக்குக் கல்லங்குறிச்சியில் மகள் வீட்டில் இருந்தாள். திரும்பும் வழியில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் என்னைப் பார்த்திருக்கிறாள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பு எங்கே போனது என்று தெரியாமல் ஓடி வந்தாள். என் வீட்டு வாசல் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். "எங்கூட ஒரு வார்த்தை பேசாமயே போயிட்டியேக்கா" என்று அழுதாள். ஆட்டுக் கொட்டகைப் பக்கம் நின்ற நான் அசையவில்லை. அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வந்த வழியே போய்விட்டாள்.

விட்டுப்போன காட்சி ஒன்றை எடுக்கப் பிள்ளைகள் அன்று என் வீட்டில் காமிராவைப் போட்டிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

இளவரசன் அந்த அழுகையை டிரெய்லரின் முடிவில் ஒட்டிப் பார்த்தான். பார்த்த பிள்ளைகள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள் சிலர். அந்த இருபது வயதுப் பெண் புவனேஸ்வரி என்ன சொன்னாள் தெரியுமா? அந்த அம்மா நடிக்கவில்லை, அழுதார்கள். கேட்காமல் போட மாட்டேன் என்றாள்.

கைதட்டுங்கள், தாய்மார்களே! தெருவில் ஒருத்தி தடுக்கி விழுந்தால் தூக்குவதற்கு முன்னால் போனை நீட்டுகிற காலம் இது. அடுத்தவர் வயலில் கேட்காமல் ஒரு கதிர் ஒடிப்போமா? அடுத்தவர் கண்ணீரை மட்டும் கேட்காமல் அள்ளலாமா? படம் தோற்றாலும் தோற்கட்டும், பறித்த கண்ணீரில் பேர் வாங்க மாட்டேன் என்ற அந்தப் பிள்ளையைப் பெற்ற வயிறு வாழ்க!

பிள்ளைகள் லீலாவதியிடம் போனார்கள். "கேக்க வேண்டியவ வந்து கேக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். என்னிடம் வந்தார்கள். நானும் சாத்தினேன். நானா கேட்பது? இன்று காலைவரை சாத்தித்தான் வைத்திருந்தேன். இப்போது இளவரசன் கையில் இரண்டு டிரெய்லர் இருக்கிறது. அழுகை உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. இல்லாததைப் போட்டால் நீங்கள் நாகரிகமாகக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். படம் பார்க்க ஆடுகூட வராது. புவனேஸ்வரி திரைக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆகவே இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன்.

லீலா, நீ எனக்காக அழுததைப் போடலாமா?

...

கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். எழுந்துவிட்டாள். ஏதோ சொல்கிறாள்.

...

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நானே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது இது: "போடச் சொல்லுக்கா. ஆனா ஒனக்கு அழ வேண்டியத நான் அன்னைக்கே அழுது முடிச்சிட்டேன். நெசமாப் போனா இன்னொருக்கா அழ எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதனால போவாம இரு."

இளவரசா, அழுகை உள்ளதையே போடப்பா.

பேச அழைத்தவர்களுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், வந்து குவிந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. தலைவருக்குப் பக்கத்தில் எனக்குப் போட்ட நாற்காலியை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வரிசையில் லீலாவதிக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிச்செல்வி, நீ கொஞ்சம் தள்ளி உட்காரம்மா, நான் அங்கே வருகிறேன். வணக்கம்.