கடல் தாண்டுமுன் ஒரு முறம் தவிடு

— இப்பவே எதுக்கு அண்ணி அவ காதுல பஞ்சு வெக்கிறீங்க? பிளேன் நாளைக்குத்தான்.

— பழகட்டும்னுதான். பத்து நாளா இந்த நாலு நாற்காலியையும் வரிசையா போட்டு, துப்பட்டாவுல பெல்ட்டு கட்டி ஒக்கார வெக்கிறேன். நேத்து முக்கா மணி நேரம் அசையாம ஒக்காந்திருந்தா. கேட்டியா பவானி, முக்கா மணி நேரம்.

— மொத்தம் பதினஞ்சு மணி நேரம் அண்ணி. மொதல்ல நாலரை. நடுவுல எறங்கி மூணு மணி நேரம் காத்துக் கெடக்கணும். மறுபடி ஏழரை.

— தெரியும் தெரியும். அயர்லாந்து என்னா குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் நடுவுலயா கெடக்குது.

— அம்மா, பிளேன் கெளம்பிடுச்சா?

— கெளம்பிடுச்சுடி நித்யா கண்ணு. ஜன்னல்ல எட்டிப் பாரு, கீழ கடலூர் பீச்சு தெரியுதா?

— தெரியுது. அலை சின்னதா இருக்கு. பவானிம்மா எங்க ஒக்காருவாங்க?

— உன் பக்கத்து சீட்டு.

— நீ?

— நான் பின்னாடி சீட்டு. நீ எறங்காம நூறு வரைக்கும் எண்ணு, சரியா. நாங்க அடுப்பங்கரையில இருக்கோம்.

— அண்ணி, கூட வர்றேன்னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க.

— வேற என்னா சொல்லச் சொல்ற? மெட்ராஸ் வரைக்குமாவது அழாம வரட்டும். நீ ஊர்லேருந்து எறங்கி ரெண்டு வாரம்கூட ஆவல. உன் மொகத்த அவ போன்ல பாத்துத்தான பழக்கம். போன்ல இருந்த ஆளு திடீர்னு கையப் புடிச்சா நாலு வயசுப் புள்ள மெரளாதா?

— ஏர்போர்ட்டு உள்ள போனப்புறம்? அங்க ஆபீசர் ஒருத்தர் கண்ணாடிக்குப் பின்னால ஒக்காந்திருப்பாரு. பாப்பா, இவுங்க யாருன்னு கேட்டா பவானிம்மான்னு சொல்லுவா. அம்மா எங்கன்னு கேட்டா வெளிய நிக்கிறாங்கன்னு சொல்லுவா. பாஸ்போர்ட்டுல என் பேரு இருக்கு, அவ வாயில நீங்க இருக்கீங்க. நான் என்னா பண்றது அங்க?

— சின்னப் புள்ள பேச்ச யாரு பெருசா எடுத்துக்குவா. எடுக்க மாட்டாங்க.

— சிதம்பரத்துல எடுத்தாங்களே. போன வாரம் எங்க மாமியார் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்ல, அங்க நடந்தத உங்ககிட்ட முழுசா சொல்லல. காலையில போனதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படல. கீழ வீதியில தேரக் காட்டினேன், பொம்ம வாங்கிக் குடுத்தேன், தோள்ல தூக்கிக்கிட்டு நாலு வீதியும் சுத்துனேன். எங்கம்மாகிட்டப் போணும், எங்கம்மாகிட்டப் போணும், அது ஒண்ணுதான். புள்ள புடிக்கிறவளப் பாக்குற மாதிரி எல்லாரும் என்னப் பாத்தாங்க. ஒருத்தர் போலீஸக் கூப்புடட்டுமான்னே கேட்டுட்டாரு.

— ஐயோ பாவமே.

— யாரு பாவம், அவளா நானா?

— ரெண்டு பேரும்தான். வேற யாரச் சொல்ல.

— அன்னைக்குத்தான் எங்க மாமியார் சொன்னாங்க. இது இன்னும் வித்த புள்ளயாவே இருக்கு, அதான் உங்கிட்ட ஒட்டல. கடல் தாண்டுறதுக்கு முன்னாடி தவுட்டத் திருப்பிக் குடுத்துப் புள்ளய வாங்கிக்கன்னு. அதுக்குத்தான் காலையில மில்லுக்குப் போயி வாங்கியாந்தேன். மூணு மணி நேரமா மொறத்தோட அங்கயே கெடக்கு. நீங்க மடிய ஏந்தினா அஞ்சு நிமிஷ வேல அண்ணி.

— ஏந்துறேன், இரு. இந்தப் பருப்புப் பொடிய இடிச்சு டப்பாவுல போட்டுட்டு வரேன். பிளேன்ல குடுக்குறத அவ தொட மாட்டா. பொடியும் நெய்யும் போட்டுச் சின்னச் சின்ன உருண்டையா உருட்டணும். உருண்ட பெருசா இருந்தா ஓரங்கட்டிடுவா. ஒண்ணுக்குப் போவச்சொல்ல கதவுக்கு வெளிய நின்னு நீ பேசிக்கிட்டே இருக்கணும். பேச்ச நிறுத்துனா பாதியில ஓடியாந்துடுவா.

— சரி. பொடி இடிச்சாச்சு. வாங்க.

— காச்சல் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்காத. உள்ளங்காலத் தொடு. இவளுக்குக் காலுதான் மொதல்ல ஜில்லுன்னு ஆவும், அப்புறம்தான் வலிப்பு வரும். ரெண்டு தடவயும் அப்படித்தான் வந்துச்சு. மருந்தக் கைப்பையிலயே வச்சிக்க, பெரிய பொட்டியில வச்சிடாத.

— நான் நர்சு அண்ணி. எனக்கே சொல்றீங்களா?

— நர்சுதான். அப்புறம் எதுக்கு நர்சம்மா மில்லுல நின்னு தவுடு வாங்குற?

— ஆஸ்பத்திரியிலதான் நான் நர்சு. என் ரெண்டு புள்ளைங்களும் என் கையிலயேதான போச்சு. ஒண்ணு ஒம்பதாம் நாளு, இன்னொண்ணு இருவத்தி ரெண்டாம் நாளு. படிச்ச படிப்பு எதுக்கு ஆச்சு? மூணாவது இவ பொறந்தப்ப நீங்கதான வந்து ஒக்காந்தீங்க. உனக்குப் புள்ள தங்கல, இத எனக்குத் தவுட்டுக்கு வித்துடு, எம்புள்ளயா இருந்து பொழச்சிக்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க. பதினோராம் நாளு நான் மடிய ஏந்துனேன். நீங்க மொறத்துலேருந்து கொட்டுனீங்க. வாங்கிக்கிட்டு, புள்ளயத் தூக்கி உங்க கையில குடுத்தேன். இன்னையிலேருந்து இது எம்புள்ள, நீ வெறும் பால் குடுக்குற ஆளுன்னு சொன்னீங்க. அப்படி நெனச்சிக்கிட்டேதான் ஒண்ணே கால் வருஷம் பால் குடுத்தேன். அப்புறம் அயர்லாந்துல வேல கெடச்சிது, உங்ககிட்டயே வுட்டுட்டுப் போயிட்டேன்.

— எனக்குத் தெரியாததா? எதுக்கு மறுபடி எடுக்குற அதயெல்லாம்.

— வித்தத வாங்காம எப்படிக் கூட்டிக்கிட்டுப் போவேன்னுதான் எடுக்குறேன். வாங்க அண்ணி.

— இன்னைக்கு செவ்வாக்கிழம பவானி.

— நேத்து கேட்டப்ப ராகு காலம்னீங்க. முந்தாநாளு தலைவலின்னீங்க. நாளைக்கு விடிகாலையில அஞ்சு மணிக்குக் காரு வந்துடும்.

— கார்ல போறப்ப பாத்துக்கலாம்.

— கார்லயா? திண்டிவனம் டோல்கேட்ல எறங்கி மடிய ஏந்துவீங்களா?

— வுடேன் பவானி. கேக்காத. திருப்பிக் குடுக்கவே வேணாம். இப்படியே கூட்டிக்கிட்டுப் போ, நாலு நாள்ல ஒட்டிக்கும். உன் வூட்டுக்காரரு அன்புமணி என்னா சொன்னாரு? சாங்கியமெல்லாம் வேணாம், புள்ளயோட வந்து சேருன்னுதான போன்ல சொன்னாரு.

— அவரு சொல்லுவாரு. அந்த ரெண்டையும் பத்து மாசம் சொமந்தது அவரா?

— அதுக்கில்லம்மா.

— வேற எதுக்கு? எனக்குப் புரிஞ்சு போச்சு அண்ணி. திருப்பித் தர உங்களுக்கு மனசு வரல. மடிய ஏந்திட்டா அவ உங்க புள்ள இல்ல. அதான் பொடி இடிக்கிறீங்க, கிழம சொல்றீங்க. புள்ள இல்லாதவ கையில ஒரு புள்ள கெடச்சா வுடுவாளான்னு எங்க மாமியார் கேட்டாங்க. எங்க அண்ணிய அப்படிச் சொல்லாதீங்கன்னு நான் சண்டை போட்டுட்டு வந்தேன். இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது.

— சொல்லிட்டியா.

— அண்ணி...

— இல்ல, சொன்னது சொன்னதுதான். கல்யாணமாகி பதினாறு வருஷத்துல ஊர்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. நீ ஒருத்திதான் பாக்கி இருந்த.

— வாய் தவறி வந்துடுச்சு. ரெண்டு நாளா சரியா தூங்கல அண்ணி, பயத்துல என்னா பேசுறேன்னே தெரியல.

— அம்மா, நூறு எண்ணிட்டேன். எறங்கட்டா?

— இன்னொரு நூறு எண்ணுடி தங்கம். பிளேன் இன்னும் ஊரு போயி சேரல.

— எழுவதுக்கு அப்புறம் எண்பதா, தொண்ணூறா?

— எண்பதும்மா. எண்ணு. பவானி, அந்தக் கதவச் சாத்திட்டு வா. இப்படி ஒக்காரு. உங்க அண்ணனுக்குக்கூட தெரியாத ஒண்ண உங்கிட்ட சொல்லப் போறேன். கத்தாம கேளு.

— என்னா அண்ணி? புள்ளைக்கு ஏதாவதா?

— புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பதினோராம் நாளு உனக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டாவது கொரோனா. காய்கறி கடகூட தொறக்காத ஊரடங்கு வாரம்.

— இருக்கு. மாஸ்க்கு போட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன்.

— ஒரு வாரமா எல்லா மில்லும் பூட்டிக் கெடந்துச்சு. தெருவுல மாடு வச்சிருக்கிறவங்க வீட்டுலகூட ஒரு புடி தவுடு இல்ல. உங்க அண்ணன் கம்மாபுரம் வரைக்கும் வண்டியில போனாரு, வழியில நிறுத்தி அபராதம் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. வெறுங்கையோட வந்தவருகிட்ட, தவுடு பக்கத்து வீட்டுல கெடச்சிடுச்சுன்னு பொய் சொன்னேன். அன்னைக்கு வுட்டா நாளு தள்ளிப் போவும். மொத புள்ள ஒம்பதாம் நாளு போனது என் கண்ணுலயே நிக்குது. நான் என்னா செய்வேன், சொல்லு.

— என்னா செஞ்சீங்க?

— பின்னால சார்லஸ் தச்சுப் பட்டறை இருக்குல்ல. அவரு பலாமரம் அறுத்துப் போட்டிருந்தாரு. அந்தத் தூளு மஞ்சளா, நைசா, பாக்க அசல் தவுடு. ஒரு மொறம் அள்ளியாந்து உன் மடியில கொட்டுனேன். நீ மாஸ்க்கு போட்டிருந்த, வாசன தெரியல. அன்னைக்கு சாயங்காலமே தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்.

— மரத்தூளா?

— மரத்தூளுதான்.

— அண்ணி, வெளையாடாதீங்க.

— வெளையாடுற வெசயமா இது. மில்லு தொறந்ததும் நெசத் தவுட்டோட வந்து சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவ சிரிக்க ஆரம்பிச்சிட்டா. ஊரு முழுக்க என்ன நித்யாவோட அம்மான்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. சொன்னா நீ நம்பிக்க போயி, புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போயிடுவியோன்னு பயம். நாளாவ நாளாவ சொல்ல முடியாம போச்சு. அந்த ஆசை எனக்கு இருந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல.

— நாலு வருஷம் அண்ணி. ரெண்டு தடவ அவளுக்கு வலிப்பு வந்துச்சு. அங்க நான் டியூட்டில நின்னுக்கிட்டு, அழக் கூடாது, அவ அண்ணி வாங்குன புள்ள, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச் சொல்லி மனச அடக்குனேன். அந்த ஒரு நம்பிக்கையிலதான் நான் அங்க சோறு தின்னேன்.

— நான் எதத் தின்னேன்னு நெனைக்கிற? மொதத் தடவ வந்தப்ப கடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். வழி முழுக்க, தூள அள்ளிக் கொட்டி ஏமாத்துனேனே, அதான் இப்ப புள்ளயக் கொண்டுட்டுப் போவுதுன்னு என்னயே திட்டிக்கிட்டு ஓடுனேன். ஒவ்வொரு காச்சலுக்கும் அப்படித்தான். கெடயாத தவுட்டுக்கு இப்ப எப்படி மடிய ஏந்துவேன்? உன் தவுட்ட வாங்குனா ரெண்டாவது பொய்யி ஆயிடும்ல.

— அழாதீங்க அண்ணி.

— அழல. நீ கேட்டியே, திருப்பித் தர மனசு இருக்கான்னு. திருப்பித் தர எங்கிட்ட ஒண்ணுமே இல்ல பவானி. நான் அவள வாங்கவே இல்ல. அவ ஒரு நாளும் எம்புள்ளயா இருந்ததில்ல. பொறந்ததுலேருந்து உன் புள்ளதான், உன் புள்ளயாவேதான் பொழச்சிருக்கா. அதனால பயப்படாத. அந்தத் தவுட்ட மாட்டுக்கு வச்சிட்டு, நிம்மதியா கூட்டிக்கிட்டுப் போ. ஆபீசர் கேட்டா தைரியமா சொல்லு, நான்தான் அம்மான்னு.

— என்னால முடியாது.

— ஏன் முடியாது? ஒரு கஷ்டமும் இல்லன்னுதான சொல்றேன்.

— நீங்க சொல்றதக் கேட்டா நான் சந்தோஷப்படணும். எனக்குப் பயம்தான் வருது. என் புள்ளன்னு சொல்லித் தூக்குன ரெண்டும் போயிடுச்சு. இவள மட்டும்தான் உங்க புள்ளன்னு நெனச்சித் தூக்குனேன். நாளைக்கு அவ்வளவு ஒசரத்துல, கீழ வெறும் தண்ணி, அவ காலு ஜில்லுன்னு ஆனா நான் யாரக் கூப்புடுவேன்? என் ராசிய நம்பி அவள மேல ஏத்த முடியாது அண்ணி.

— அதுக்கு இப்ப என்னாதான் பண்ணலாங்குற?

— எந்திரிங்க. செவ்வாக்கிழமையா இருந்தா இருக்கட்டும்.

— எதுக்கு எந்திரிக்கணும்? எதுக்கு முந்தானைய விரிக்கிற? பவானி, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?

— அம்மா, ரெண்டாவது நூறும் எண்ணிட்டேன். கதவத் தொறயேன்.

— தோ, வர்றேண்டி. பவானி, புள்ள கூப்புடுது. எந்திரி மொதல்ல.

— அவ அம்மாவத்தான் கூப்புடுறா. ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். இது நெசத் தவுடு அண்ணி, மோந்து பாத்துக்கங்க. மொறத்த நீங்க தூக்குங்க. மடிய நான் ஏந்துறேன்.