புகைபோக்கி விழுந்த பக்கம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் ஐயா. காகிதம் படபடத்தால் எனக்கு ஆகாது, பத்திரிகை நடத்துகிறவன்.

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்கும். வாக்குமூலத்தில் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு முதல் கேமரா வாங்கித் தந்ததே நான்தான். அந்த நன்றியில் பல வருடம் வாய் திறக்காமல் படம் எடுத்துத் தந்தான். நானும் மனம்விட்டுப் பாராட்டுவேன். பாராட்டில் நான் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

பிறகு யாரோ அவனைக் கெடுத்துவிட்டார்கள். மற்ற புகைப்படக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். ஒருமுறை அச்சிடத்தான் எனக்கு உரிமையாம். மறுபடி போட்டால் மறுபடி கூலியாம். படம் எடுத்தவனுக்கே சொந்தமாம். என் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்கள். வெயில் கொடுத்த வெளிச்சம், எவனோ சிரித்த சிரிப்பு, நடுவில் இவன் விரலால் ஒரு தட்டு. வெயில் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நான் கோபப்படவில்லை. "குடும்பத்துக்குள்ள எதுக்குப்பா பேரம்?" என்று மட்டும் கேட்டேன்.

"குடும்பமெல்லாம் வீட்டுல மச்சான். இது தொழில்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். இவன் ஒருவன் இல்லையென்றால் அந்தத் தலைகள் என் பக்கம் ஆடும்.

அந்த வாரம் பழைய ஆலையின் புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்க்க இருந்தார்கள். அது சரிவதை அடியிலிருந்து எடுத்த படம் அட்டைக்கு வேண்டும் என்றேன். அவன் நிபந்தனைக்கே சம்மதித்தேன். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தானாக இயங்கும் கேமராவை அடியில் பொருத்திவிட்டு அவன் வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. அனுமதி என் பெயரில் இருந்ததால் இடிப்பவர்கள் என்னிடம்தான் பேசுவார்கள்.

நான் வேலிக்கு வெளியே நிழலில் நின்றிருந்தேன். போனில் கூப்பிட்டான்.

"ஸ்டாண்டு நிக்க மாட்டேங்குது மச்சான். இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

நிதானமாகப் பார் என்றேன். அவசர வேலை எனக்குப் பிடிக்காது.

வெடிக்குப் பொறுப்பானவர் வந்து, உங்கள் ஆள் வெளியே வந்துவிட்டாரா என்று கேட்டார்.

"வந்துட்டாரு."

ஆமாம், அவன் உள்ளே இருப்பது தெரிந்துதான் சொன்னேன். ஒரே சொல். பத்திரிகைக்காரனுக்குச் சுருக்கம் முக்கியம்.

கேமரா நொறுங்கினாலும் மெமரி கார்டு பிழைத்தது. படம் பிரமாதம். ஆனால் உரிமை இல்லாமல் அடுத்தவன் படத்தைத் தொடுகிறவன் இல்லை நான். உரிமை இப்போது மனைவிக்கு. மனைவி என் தங்கை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அவன் எடுத்த அத்தனை படங்களையும் எழுதித் தரச் சொன்னேன்.

"எனக்கு என்னண்ணா தெரியும்? எது நியாயமோ அதை நீயே பண்ணு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

பாருங்கள் ஐயா, நியாயத்தை இப்படித் தன்மையாகக் கேட்டால் நான் என்றைக்காவது மறுத்திருக்கிறேனா?