நேராகிப்போன கோப்பைகள்

கிள்ளான் போகும் ரயில். சுபாங் ஜெயா தாண்டியதும், எதிர் இருக்கையில் இருந்த, மண் கோப்பை செய்து விற்கும் ஒரு பெண் தன் தோழியிடம் அலுத்துக்கொண்டார்.

"என் கப்பெல்லாம் இப்ப நேரா வருது. என்ன பண்றதுன்னே தெரியல."

"நேரா வந்தா நல்லதுதானேக்கா?"

"ஷா ஆலம் கண்காட்சில ஒரு லேடி, என் கப்புல இந்த நெளிவு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. கேரி தீவு அலைய பாத்து செஞ்சேன்னு அடிச்சு விட்டேன். உடனே அதே மாதிரி ஒரு செட்டு ஆர்டர்."

"அப்ப அலை இல்லையா?"

"இல்லலா. கப்பு செய்யுற சக்கரம் இருக்கிற மேசைக்கு ஒரு கால் குட்டை. சுத்துறப்ப ஆடும். இப்ப வீட்டுக்காரர் அட்டைய மடிச்சு முட்டுக்கொடுத்துட்டாரு."

"அட்டைய எடுத்துடுங்க."

"எடுத்தா ஏன்னு கேப்பாரு. அலைன்னு சொல்லவா? நான் கேரி தீவுக்கே போனதில்லன்னு அவருக்குத் தெரியும்லா."